புழுவுக்கு வரும் வருத்தம்

குழு: எங்கட திருமலை வீடு
வெள்ளி, இரவு 8.12

சித்தி: பள்ளிக்கூடத்தில் இன்று சின்னவனுக்குப் பூச்சிக் குளிசை கொடுத்தார்கள். வந்ததிலிருந்து ஒரே கேள்வி. "எனக்குப் புழு வந்தால் குளிசை. புழுவுக்கு வருத்தம் வந்தால்?" கம்பஸ்காரி பதில் சொல்லட்டும்.

நிலாவெளி மாமா: புழுவுக்கும் வயிற்றில் புழுவா 😂

நான்: சிரிக்காதீர்கள் மாமா, புழுவுக்கும் குடல் வருத்தம் வரும். ஆனால் நான் படிக்கிறது வயிற்றுப் பூச்சி இல்லை, அதன் தூரத்துச் சொந்தம். சீ. எலிகன்ஸ். அழுகின பழத்தில் பக்டீரியா தின்று கிடக்கும், 1 மில்லிமீற்றர்தான். உடம்பு கண்ணாடி மாதிரி. உயிரோடு வைத்தே குடலைப் பார்க்கலாம். அந்தக் குடல் முழுக்க 20 கலங்கள்.

தம்பி: 20 இலட்சமா?

நான்: வெறும் 20. முட்டைக்குள்ளேயே அமைந்துவிடும். ஒன்று செத்தால் பதிலுக்குப் புதிதாக வராது.

நிலாவெளி மாமா: அதுக்குள்ள ஆர் பூருறது?

நான்: நெமற்றோசிடா பரிசீ. காளானுக்கு நெருங்கின ஒட்டுண்ணி. பாரிசுக்குக் கிட்டப் பிடித்த புழுவில் கண்டது, 2008 இல் எழுதினார்கள். பெயரின் முன்பாதிக்குப் புழுக்கொல்லி என்று அர்த்தம். புழு சாப்பாட்டோடு அதன் வித்தியை, விதை மாதிரி ஒன்றை, விழுங்கிவிடும். வித்திக்குள் ஒரு நீளக் குழாய் சுருண்டு கிடக்கும். குடலுக்குள் போனதும் கண் இமைக்கும் நேரத்தில் பாயும்.

நிலாவெளி மாமா: தூண்டில் மாதிரியோ?

நான்: ஊசி மாதிரி. சட்டைக் கையை உள்ளுக்கிருந்து வெளியே புரட்டுவோமே, அப்படிப் புரண்டு வந்து கலத்தில் குத்தும். குழாய் வழியாகவே ஒட்டுண்ணி உள்ளே போய்விடும். பிறகு கலத்தின் சாப்பாட்டில் பெருகி, புது வித்தியாகக் குடல் வழியே வெளியேறும். கலத்தை உடைக்காமலே!

மாமா, இறாலுக்கும் இந்த இனத்தில் ஒன்று வரும்.

நிலாவெளி மாமா: அதைப் பிறகு கதைப்பம். புழு என்ன செய்யும்?

நான்: எங்களுக்கு வெண்குருதிக் கலங்கள் ரோந்து போகும். புழுவுக்கு அப்படிப் படை இல்லை, பிறபொருளெதிரியும் இல்லை. குத்து வாங்கின கலமே தன்னைப் பார்க்க வேண்டும். உள்ளே வந்ததன் மேல் யுபிக்குயிற்றின் என்ற சின்னப் புரதத்தை ஒட்டப் பார்க்கும். "இது குப்பை, அழி" என்று சீட்டு ஒட்டுகிற மாதிரி. இதே குடலைப் பிடிக்கிற ஓர்சே வைரஸ் வந்தாலும் அநேகமாக இதே மரபணுக்கள்தான் எழும்பும். காளான் சொந்தம் எங்கே, வைரஸ் எங்கே!

இந்த எதிர்ப்புக்கு ஒரு பிரேக்கும் இருக்கிறது, பால்ஸ்-22 என்ற மரபணு. எதிரே அக்சிலரேற்றர், பால்ஸ்-25. பிரேக் மரபணுவைக் கெடுத்த புழுவை ஒட்டுண்ணியும் வைரஸும் இலேசில் பிடிக்காது. சூட்டையும் கூடத் தாங்கும்.

அம்மம்மா: 🎤 குரல் செய்தி 0:34

தம்பி: அம்மம்மா கேட்கிறார், அப்போ அது கன்னியா வெந்நீர்க் கிணற்றிலும் கிடக்குமோ என்று 😂

நான்: அவ்வளவுக்கு வேண்டாம் அம்மம்மா. 20 பாகையில் சுகமாக வளருகிற சாதி. எங்களுக்கு வெதுவெதுப்பு என்பது அதற்குச் சாவு.

சித்தி: சின்னவன் கேட்கிறான், பிரேக் இல்லாவிட்டால் நல்லதென்றால் ஏன் வைத்திருக்கிறது?

நான்: இதைத்தான் நான் கம்பஸில் கேட்டிருக்க வேண்டும் 🙈 பிரேக் கெட்ட புழு மெதுவாகத்தான் வளரும், ஆயுளும் குறைவு.

நிலாவெளி மாமா: கரண்ட் இருக்கும்போதும் ஜெனரேற்றரை ஓடவிட்ட கதை. டீசல் ஆர் தாறது?

நான்: அதேதான் மாமா!! இன்னொன்று, தாய்ப் புழு இந்த ஒட்டுண்ணியால் பட்டிருந்தால் குஞ்சுகள் அதைக் கூடத் தாங்கும். ஆனால் ஒரு தலைமுறைக்குத்தான்.

அம்மம்மா: 🎤 குரல் செய்தி 1:07

தம்பி: இது புழுவைப் பற்றி இல்லை. நாளைக்குத் தேங்காய் வாங்க வேண்டுமாம்.

சித்தி: சின்னவன் நித்திரை கொண்டுவிட்டான். காலையில் அந்தச் சட்டைக் கைக் கதையை மட்டும் அவனுக்குத் திரும்பச் சொல்லு.