முகூர்த்த ரவிக்கைக்கு மயிலா, அன்னமா?

மலர்: இரண்டு படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். முதுகில் ஆரி ஒர்க். தையல்கார அக்காவுக்கு இன்று ராத்திரிக்குள் சொல்லணும்.

சித்தி: அன்னம் குத்துவிளக்கு உச்சியிலேயே இருக்கட்டும். முதுகுக்கு மயில்தான் எடுப்பு.

கதிர்: அது வடக்கத்தி டிசைன் சித்தி. ஷாஜகான் மயிலாசனத்திலிருந்து வந்தது.

பெரியப்பா: டேய், ஷாஜகான் அதில் உட்கார்ந்தது 1635-இல். நாதிர் ஷா 1739-இல் அள்ளிக்கொண்டு போய்விட்டான். அதற்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் முந்தியே குப்த அரசன் குமாரகுப்தன் பொற்காசில் மயில் இருக்கு. ஒரு பக்கம் ராஜா மயிலுக்குத் தீனி கொடுக்கிறார், மறுபக்கம் கார்த்திகேயன் மயில் மேல். அரப்பாவில் ஈமத்தாழியிலேயே மயில் தீட்டியிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் எதற்கு? நம்ம பழனி மலைப் பேகன் மயிலுக்குப் போர்வையே கொடுத்தான்.

மேலூர் மாமா: பேகன் ஒரு போர்வைதான் கொடுத்தான் மச்சான். நான் முளைவிட்ட கடலையை வயலோடு கொடுத்திருக்கிறேன்.

அத்தை: முருகன் வாகனம். திருப்பரங்குன்றத்துக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்து இப்படிப் பேசாதீங்க.

மேலூர் மாமா: வாகனத்தை அவர் கொண்டுபோய்க் கட்டிப்போடட்டும். 1963-இல் தேசியப் பறவை ஆக்கினார்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அட்டவணை 1-இல் வைத்தார்கள், தொடக்கூடாது. தகரத்தைத் தட்டி விரட்டுவதோடு சரி. நாலு தட்டு தட்டினால் வரப்பு வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வருது.

கதிர்: 😂😂

மேலூர் மாமா: மலர், அந்தப் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தாயா? ஜோடி மயில் என்று போட்டிருக்கு, இரண்டுக்கும் தோகை. இரண்டுமே சேவல்! பெட்டைக்கு ஏது தோகை? கொண்டை இருக்கும், கழுத்தில் கொஞ்சம் பச்சை, மற்றபடி பழுப்புதான்.

மலர்: ஐயோ மாமா, ஆமா!

சித்தி: கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தானே போட்டிருக்கு.

பெரியப்பா: வரைகிறவர்கள் பழக்கமே அதுதான். ஒன்றை வரைந்து திருப்பிப் போட்டுவிடுவார்கள். இரண்டு பக்கமும் சமமாக வரும்.

அத்தை: பழுப்பு நூலை யார் முதுகில் தைத்துக்கொள்வார்கள்? அப்படியே இருக்கட்டும்.

மலர்: வேண்டாம் அத்தை. ஒற்றை மயில், தோகை இடது தோள் பக்கம் இறங்கட்டும். தோகைக் கண்ணுக்கு மட்டும் ஜரிகை, கொண்டைக்கு முத்து. கூலியும் குறையும்.

சித்தி: அதுவும் நல்லாத்தான் இருக்கும்.

மலர்: சரி, சொல்லிவிடுகிறேன். அளவு ரவிக்கை யார் வீட்டில் இருக்கு?