இலவசமாகக் கொடுத்தால் வருமானம் பின்னால் வருமா?

சுன்னாகம் கடைக்காரர்:
கொக்குவில் தம்பி நேற்று எழுதியதைப் படித்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. மரக்கறிச் செயலியை முதலில் இலவசமாகக் கொடுத்து ஆட்களைச் சேர்ப்பாராம், வருமானத்தைப் பிறகு யோசிப்பாராம். ஏனென்றால் அமேசானே 7 வருடம் நட்டத்தில் ஓடியதாம். 7 இல்லை தம்பி, 9. தொடங்கியது 1994, முழு ஆண்டு இலாபம் கண்டது 2003.

கொக்குவில் பொடியன்:
2001 கடைசிக் காலாண்டிலேயே இலாபம் வந்துவிட்டது ஐயா. 7தான்.

சுன்னாகம் கடைக்காரர்:
அது நத்தார் வியாபாரம் நடக்கும் காலாண்டு. நல்லூர்த் திருவிழாவில் 25 நாள் கச்சான் விற்றவன் வருடம் முழுவதும் இலாபம் என்று சொல்வானா? 9.

திருநெல்வேலிக் கணக்காளர்:
வணிக மாதிரி என்றால் என்னவென்று முதலில் பேசிக்கொண்டால்...

சுன்னாகம் கடைக்காரர்:
பேசத் தேவையில்லை. அமேசானுக்கு வாங்குபவர் காசு முதலில் வரும், பொருள் கொடுத்தவருக்குப் பிறகுதான் போகும். அந்த இடைவெளியில்தான் அவர்கள் மூச்சு விட்டார்கள். எங்கள் சந்தையில் விடியற்காலை காசு வைத்தால்தான் கத்தரிக்காய் மூட்டை அசையும். வாங்குபவரோ "கடன் கொப்பியில் எழுதுங்கள் அண்ணா" என்பார். இதில் பெற்றோலும் ஊற்றிக்கொண்டு சாவகச்சேரிக்கு இலவச விநியோகம்!

ரொறன்ரோ மாமா:
ஊர் இன்னும் கொப்பியை விடவில்லை. ஊபர் 2009இல் தொடங்கியது, முழு ஆண்டுச் செயற்பாட்டு இலாபம், அதாவது தொழிலை நடத்தியதில் மட்டும் வந்த இலாபம், 2023இல்தான் வந்தது. உங்கள் கணக்குப்படி அதை எப்போதோ மூடியிருக்க வேண்டும்.

சுன்னாகம் கடைக்காரர்:
அதைத் தாங்கப் பெரும் முதலீட்டாளர்கள் இருந்தார்கள். தம்பியைத் தாங்க நீங்கள் இருக்கிறீர்கள். வாசிகசாலைக் கூரைக்குத் தருவதாகச் சொன்ன காசே இன்னும் வரவில்லை.

ரொறன்ரோ மாமா:
பாதி அனுப்பிவிட்டேன். பொருளாளர் யார் என்று ஊருக்கே தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

கொக்குவில் பொடியன்:
கூரையை விடுங்கள். அமேசான் விற்பனையைத் தொடங்கியதே 1995 ஜூலையில். அப்படிப் பார்த்தால் 7கூட இல்லை, 6 சொச்சம்.

சுன்னாகம் கடைக்காரர்:
காலையில் 7, மத்தியானம் 6. இரவுக்குள் முதல் நாளே இலாபம் என்பார். 9.

திருநெல்வேலிக் கணக்காளர்:
இருவரும் வேறு வேறு இலாபத்தைச் சொல்கிறீர்கள்.

சுன்னாகம் கடைக்காரர்:
உங்களை யார் கேட்டது?

ரொறன்ரோ மாமா:
கூரைத் தகரம் வாங்கிய பற்றுச்சீட்டு எங்கே?