அனிமே பார்த்தாயிற்று, இனி லைட் நாவல் எதற்கு?

ஆப்பிள்வண்டி
'ஸ்பைஸ் அண்ட் உல்ஃப்' என்ற ஜப்பானிய லைட் நாவலை (நடுநடுவே படங்களோடு வரும் இலகுவான நாவல் தொடர்) வைத்து எடுத்த 2008 அனிமேயை, அதாவது அனிமேஷன் தொடரை, பார்த்திருக்கிறேன். ஊர் ஊராகப் போகும் வியாபாரி லாரன்ஸும் ஓநாய்ப் பெண் ஹோலோவும் சேர்ந்து பயணம் போகும் கதை. 2024இல் புதிதாக எடுத்த 25 எபிசோடுகளையும் பார்த்து முடித்தேன். அந்தச் சூட்டோடு முதல் தொகுதியை ஆங்கிலத்தில் வாங்கிப் படித்தால், சொன்னால் அடிக்க வராதீர்கள், ஏமாற்றம்தான். ஊர் எப்படி இருந்தது என்று நாலு வரி, அப்புறம் பக்கம் பக்கமாகப் பேச்சு, நடுநடுவே கறுப்பு வெள்ளையில் சில படங்கள். ஹோலோவுக்கு கொஷிமிசு அமி கொடுக்கும் குரலைக் கேட்ட காதுக்கு அந்தப் பேச்சு சப்பென்று இருக்கிறது. நல்ல அனிமே கையில் இருக்கும்போது லைட் நாவல் அதன் திரைக்கதைப் பிரதி மாதிரிதான் தெரிகிறது. மறுப்பவர்கள் வரலாம்.

நாணயமாற்றுக்காரி
வந்துவிட்டேன். அந்தத் தொகுதி முழுக்க ஒரு வெள்ளி நாணயத்தைச் சுற்றி நடக்கிறது. நாணயத்தில் வெள்ளியின் அளவு கூடப் போகிறது என்று ஒரு பையன் லாரன்ஸிடம் ரகசியம் சொல்கிறான். அவன் பொய் சொல்கிறான் என்று ஹோலோவுக்குத் தெரிந்துவிடுகிறது. சரி, பொய் சொல்வதில் அவனுக்கு என்ன லாபம்? உண்மையில் வெள்ளி குறையப் போகிறது என்றால், மதிப்பு இறங்கப் போகும் காசை யாராவது மூட்டை மூட்டையாகச் சேர்ப்பார்களா? லாரன்ஸ் இதை மண்டைக்குள் போட்டு உருட்டும் பக்கங்கள்தான் எனக்குக் கதை. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நானும் கணக்குப் போட்டேன். தப்பாகத்தான் போட்டேன், ஆனால் போட்டேன். அனிமேயில் நான் யோசிப்பதற்குள் அவன் விடையைச் சொல்லிவிடுகிறான்.

இன்னொன்று. திரைக்கதைப் பிரதி என்கிறீர்களே, 2008 அனிமேயில் யாரெய் எங்கே போனார்? லாரன்ஸுக்குப் பழக்கமான அந்தக் கிராமத்து ஆளைத் தூக்கிவிட்டு, க்ளோயி என்ற பெண்ணைப் புதிதாக உண்டாக்கி வைத்தார்கள். 2009இல் வந்த இரண்டாம் சீசன் மூன்றாம் தொகுதியையும் ஐந்தாம் தொகுதியையும் எடுத்துக்கொண்டு நான்கைத் தாண்டிக் குதித்துவிட்டது. நான்காம் தொகுதியில் எல்சா என்ற பெண் வரும் கதையே அந்த சீசனில் கிடையாது.

ஆப்பிள்வண்டி
யோசிக்க நேரம் வேண்டுமென்றால் பாஸ் பட்டன் இருக்கிறதே! க்ளோயியால் என்ன கெட்டுப்போனது? ஊரே ஹோலோவைக் கைவிடுகிறது என்பதை ஒரு சின்னப் பெண்ணின் முகத்தில் பார்க்கும்போது உறைக்கிறது. அப்புறம் நீங்கள் சொல்லும் அதே நாணயம். காசைக் குலுக்கி, ஒலியை வைத்தே வெள்ளி குறைந்திருப்பதை ஹோலோ கண்டுபிடிப்பாளே. காதால் நடக்கும் காட்சி. புத்தகத்தில் காது எங்கே?

நாணயமாற்றுக்காரி
அனிமேயில் உங்களுக்கு அந்த வித்தியாசம் கேட்டதா? எனக்குக் கேட்கவில்லை. லாரன்ஸுக்கும் கேட்காது. ஓநாய்க் காதுக்கு மட்டும்தான் கேட்கும். அதற்கு எழுத்தே போதும்.

எட்டாவதுஆகஸ்ட்
இரண்டு பேரும் ஒரே கதையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். 'சுசுமியா ஹருஹி' என்ற இன்னொரு லைட் நாவல் தொடரைப் பாருங்கள். 2003இல் வந்த நாவலில் கதை சொல்லும் பையன் கியோனின் பல வரிகளுக்கு மேற்கோள் குறி இருக்காது. நினைக்கிறானா, வாய் திறந்தே சொல்லிவிட்டானா? எதிரில் இருப்பவர் அடுத்த வரியில் பதில் சொல்லும்போதுதான் 'அட, சொல்லியே விட்டான்' என்று புரியும். அந்த நகைச்சுவை முழுக்க அச்சில் இருக்கிறது. அனிமேயில் வாய் அசைய வேண்டும் அல்லது அசையாமல் இருக்க வேண்டும். கியோனுக்குக் குரல் கொடுக்கும் சுகிதா தொமொகாசு குரலால் எவ்வளவோ காப்பாற்றுகிறார், ஆனாலும் முடிவை நமக்குப் பதிலாக அவர்களே எடுத்துவிட்டார்கள்.

ஆனால், நாணயமாற்றுக்காரி சந்தோஷப்பட வேண்டாம். 'முடிவில்லா எட்டு' கதை நாவலில் ஒரு சிறுகதை. கோடை விடுமுறையின் கடைசி இரண்டு வாரம் 15,498 முறை திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது என்று சொல்வார்கள். படிக்க ஒரு நொடி. கியோட்டோ அனிமேஷன் ஸ்டூடியோ 2009இல் அதையே எட்டு எபிசோடாக எடுத்தது. ஒரே கதை, ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக வரைந்து, புதிதாகக் குரல் பதிந்து. ஒளிபரப்பான அன்று வாராவாரம் காத்திருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். நான் இன்றும் அதன் கட்சி. எல்லாவற்றையும் நினைவில் சுமந்துகொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் நாகாதோ என்ற பெண்ணின் களைப்பை எண்ணால் சொல்ல முடியாது, எட்டு வாரம் உட்காரவைத்தால் சொல்ல முடியும். அதே தொடரின் 2010 திரைப்படத்தில் அவள் செய்யும் காரியம் எனக்குப் புரிந்தது அதனால்தான்.

ஆப்பிள்வண்டி
அண்ணே, நான் எட்டையும் ஒரே ராத்திரியில் பார்த்தேன். நாகாதோவின் களைப்பு தெரியவில்லை, என் களைப்புதான் தெரிந்தது. இதில் நான் நாவல் கட்சி.

மைக்கறை
படங்களைப் பற்றி யாருமே பேச மாட்டீர்களா? லைட் நாவலில் ஓவியர் பெயரும் அட்டையில் வருவது சும்மா இல்லை. 'ஸ்பைஸ் அண்ட் உல்ஃப்' ஆங்கிலத்தில் 2009இல் வந்தபோது, அயகுரா ஜூ வரைந்த ஹோலோவை எடுத்துவிட்டு ஒரு மாடல் பெண்ணின் புகைப்படத்தை அட்டையில் போட்டது யென் பிரஸ் பதிப்பகம். புது வாசகர்கள் வருவார்கள் என்று நினைத்திருப்பார்கள். பழைய வாசகர்கள் சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் மூல ஓவியத்தோடு தனி மேலுறை வெளியிட வேண்டியதாயிற்று. உள்ளே ஒரு எழுத்தும் மாறவில்லை, ஆனாலும் ஹோலோ அங்கே இல்லை.

'ஓவர்லார்ட்' லைட் நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். ஓவியர் சோ-பின் வரையும் எலும்புக்கூடு நாயகன் அய்ன்ஸின் அங்கியில் மடிப்பு மடிப்பாக இருட்டு உட்கார்ந்திருக்கும், ஒரு பக்கத்திலேயே ஐந்து நிமிடம் நிற்பேன். அசையும் படத்துக்கு ஆயிரக்கணக்கில் வரைய வேண்டும், அவ்வளவு கோடு தாங்காது. அதனால் அனிமேயில் அந்தக் கனம் கழன்றுவிடுகிறது. ஸ்டூடியோவைத் திட்டவில்லை, வேலை அப்படி.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். தொகுதியின் தொடக்கத்தில் வரும் வண்ணப் பக்கங்களைப் போல ஸ்பாய்லர் உலகத்தில் இல்லை. கதை தொடங்கும் முன்பே யார் யாரைக் கட்டிப்பிடித்து அழப்போகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

நாணயமாற்றுக்காரி
அதனால்தான் படமே வேண்டாம் என்கிறேன். 'கினோவின் பயணம்' லைட் நாவலின் முதல் தொகுதியில் கினோ ஆணா பெண்ணா என்றே கொஞ்ச நேரம் சொல்ல மாட்டார்கள். படம் போட்டாலோ குரல் கொடுத்தாலோ போச்சு.

மைக்கறை
போகவில்லையே. குரோபோஷி கோஹாகு வரைந்த கினோவைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. குட்டை முடி, கோட்டு, தொப்பி. குரலும் காட்டிக்கொடுக்காது. ஜப்பானில் சிறுவர்களுக்குப் பெண்கள் குரல் கொடுப்பது வழக்கம் என்பதால் 2003 அனிமே நாலாவது எபிசோடு வரை தைரியமாக மறைத்தது. உண்மையில் கஷ்டம் நமக்குத்தான். தமிழில் ஒரு வரி எழுதிப் பாருங்கள்: வந்தான் என்றால் பொய், வந்தாள் என்றால் ஸ்பாய்லர். 'வந்தார்' என்று மரியாதைக்குள் ஒளிந்துகொள்ள வேண்டியதுதான்.

எட்டாவதுஆகஸ்ட்
இப்போது நீங்கள் சொன்னதே ஸ்பாய்லர்தான்.

மைக்கறை
20 வருடம் ஆகிவிட்டது, மன்னித்துவிடுங்கள்.

நாணயமாற்றுக்காரி
சரி, கினோ விஷயத்தில் தோற்றேன். நாணய விஷயத்தில் இல்லை.

ஆப்பிள்வண்டி
நானும் குரல் விஷயத்தில் இறங்கிவர மாட்டேன். ஆனால் எல்சா வரும் அந்த நான்காம் தொகுதியை ஆர்டர் போட்டுவிட்டேன். அந்தக் கதையை 2024 அனிமேயில் பார்த்துவிட்டேன், அதனால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கணக்கு வந்தால் மூடிவைத்து யோசிக்கிறேன், போதுமா? வண்ணப் பக்கங்களுக்கு மட்டும் முதலில் கிளிப் போட்டு மூடிவிடுவேன்.