எம்பார்கோவுக்குத் தமிழ் என்ன? திங்கள் காலை அச்சுக்குப் போகிறது

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
எல்லாருக்கும் வணக்கம். தொண்டு அமைப்புகளில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு, பத்திரிகைக்காரர்களோடு பழகும் விதம் பற்றி ஒரு கைப்புத்தகம் போடுகிறோம். செய்திக்குறிப்பு, செய்தியாளர் சந்திப்பு எல்லாம் எழுதியாயிற்று. எம்பார்கோவில் நிற்கிறேன். செய்தியை முன்னதாகக் கொடுத்துவிட்டு, இன்ன நேரத்துக்கு முன் வெளியிடாதீர்கள் என்று பேசிக்கொள்கிற ஏற்பாடு.

போன வருஷம் பட்ட பாடுதான் கேட்க வைக்கிறது. கிணறுகளில் ஃபுளோரைடு பார்த்தோம். சிலவற்றில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பு தாண்டியிருந்தது. ஞாயிறு காலை 10 மணிக் கூட்டத்தில் கிணற்றுக்காரர்களிடம் நாங்களே சொல்லிவிட்டு, அப்புறம்தான் செய்தி என்று நினைத்தோம். குறிப்பின் தலையில் 'ஞாயிறு வரை வெளியிட வேண்டாம்' என்று போட்டோம். ஒரு நிருபர் திங்கட்கிழமைக்கு வைத்துக்கொண்டார். இன்னொருவர் ஞாயிறு காலைப் பதிப்பிலேயே போட்டுவிட்டார். டீக்கடைப் பேப்பரில்தான் ஒரு அம்மா தன் கிணற்றைப் பற்றித் தெரிந்துகொண்டார். கூட்டத்துக்கு வந்து, குடத்தை என் முன்னால் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

செங்கோட்டையிலிருந்து:
தம்பி, கோளாறு 'வரை'யில் இருக்கிறது. வரை என்றால் எல்லை. எல்லைக்கல் உள்ளே சேர்ந்ததா வெளியே சேர்ந்ததா என்று அந்தச் சொல் சொல்லாது. அதே வரைதான் மலை. அகத்திணையில் வரைவு என்றால் மணம். களவில், அதாவது மறைவில், இருந்த காதல் ஊரறிய ஆவது வரைவு. நீங்கள் கேட்கும் பொருளும் அதுதானே? அந்தக் காதலைப் பற்றிச் சிலர் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல், ஊரே பேசுவது அலர். அரும்புக்கும் மலருக்கும் உள்ள வேறுபாடு. முன்னதாகக் கொடுத்த செய்தி அம்பல். வெளிவரும் நேரம் 'அலர்பொழுது'. இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் நம்மிடம் கிடையாது.

வேலந்தாவளத்திலிருந்து:
ஐயா, இருபது வருஷமா செய்தி அனுப்பறேனுங்க. டெஸ்க்கில் ராத்திரி உக்காந்திருக்கற பையனுக்கு அலர்னா என்னான்னு நான் போன்ல விளக்கிட்டிருக்க முடியாதுங்க. 'வெளியீட்டுத் தடை' போதுமே?

குமுளியிலிருந்து:
தடை வேண்டாம். தடை மேலிருந்து போடுவது. 1975 நெருக்கடிநிலைத் தணிக்கையைப் பார்த்த தலைமுறை நாங்கள். அந்தச் சொல்லைத் தொண்டு அமைப்பின் வாயில் வைக்க மனம் வரவில்லை. எம்பார்கோ முதலில் கப்பலைத் துறைமுகத்தை விட்டுப் போகவிடாமல் நிறுத்தும் ஆணையாக இருந்தது உண்மைதான். செய்தியில் அது இரண்டு பேர் ஒத்துக்கொண்ட வாக்கு. நிருபரிடம் முதலில் கேட்டு, அவர் சரி என்ற பிறகே குறிப்பை அனுப்ப வேண்டும். கேட்காமல் அனுப்பித் தலையில் எழுதிவிட்டால் அவரைக் கட்டுப்படுத்தாது. கைப்புத்தகத்தில் சொல்லைவிட இது முக்கியம்.

'அலர்' பற்றி: இங்கே செய்திக்குறிப்பு மலையாளத்திலும் போகிறது. அந்தப் பக்கம் அலறுக என்றால் கத்துவது. ரகர றகரம் வேறுதான், காதுக்கு அது தெரிய வேண்டுமே. 'நேரக்கட்டு' என்று பாருங்கள்.

செங்கோட்டையிலிருந்து:
கட்டு என்றால் கட்டுப்பாடு, அதுவும் தடையின் தம்பிதான். புரியாது புரியாது என்று நல்ல சொல்லையெல்லாம் ஒதுக்கினால், பிறகு எந்தச் சொல்தான் புரியும்? 'செய்தியாளர்' என்பதே ஒரு காலத்தில் புதிதுதான்.

வேலந்தாவளத்திலிருந்து:
நேரக்கட்டு பரவால்லீங்க. ஆனா சொல்லை மட்டும் போட்டு விட்டுறாதீங்க. நாள், தேதி, மணி மூணும் வேணும். வெப்சைட்டுக்கும் சேர்த்துத்தான்னு எழுதுங்க, பேப்பருக்கு முந்தி அதுலதான் வருது. சந்தேகம்னா ராத்திரி 11 மணிக்கும் எடுக்கற போன் நம்பர் ஒண்ணு.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
நன்றி. நால்வரில் மூவர் பக்கம் என்று 'நேரக்கட்டு' போடுகிறேன். கீழே முழு வாக்கியமாக: 'ஞாயிறு காலை 11 மணிக்கு முன் அச்சிலோ இணையத்திலோ வரக்கூடாது.' தேதியும் உண்டு. 'வரை' எங்கும் இல்லை.

செங்கோட்டையிலிருந்து:
போடுங்கள். அலர்பொழுதை நான் விடவில்லை. அடுத்த பதிப்பில் அடைப்புக்குறிக்குள்ளாவது வர வேண்டும். வரைவுக்கு இன்னும் இரண்டு மேற்கோள் இருக்கிறது, நாளை எழுதுகிறேன்.