ரேடியோ கன்ட்ரோல் இன்டர்ஃபேஸ் செய்தேன், பதிலே வரவில்லை. உதவுங்கள் (அவசரம்)

புதுக்குருவி:
வணக்கம். ஹாம் ரேடியோவைக் கணினியிலிருந்து கட்டுப்படுத்த சின்ன சர்க்யூட் ஒன்று செய்தேன். யுஎஸ்பி மாட்யூலிலிருந்து வயர் எடுத்து பிளக்கில் சால்டர் வைத்தாயிற்று. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் மென்பொருள் "ரேடியோ பதில் தரவில்லை" என்றே சொல்கிறது. மூன்று முறை பிரித்து மாட்டிவிட்டேன். நேற்று மாலையிலிருந்து ரேடியோவில் சத்தமும் இல்லை. அது வேறு தொல்லை, வால்யூம் குமிழில் தூசு சேர்ந்திருக்கும், அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிறு போட்டிக்குள் இது ஓடியாக வேண்டும்.

தாமிரக்கம்பி:
எந்த ரேடியோ?

ஈயப்பொடி:
மாட்யூலில் என்ன சிப்? போலிச் சிப்பாக இருந்தால் தலைகீழாக நின்றாலும் நடக்காது. 2014-ல் எஃப்டிடிஐ நிறுவனத்தின் டிரைவர் அப்டேட் வந்து அவர்கள் சிப்பின் போலிகளை முடக்கிப் போட்டது நினைவிருக்கிறதா? முதலில் டிரைவரைப் பாருங்கள்.

நாற்பதுமீட்டர்:
எல்லாம் சரியாக இருந்தால் வேலை செய்திருக்குமே தம்பி. ரேடியோ பெயர் இல்லை, சிப் பெயர் இல்லை, பாட் ரேட் (தரவு வேகம்) இல்லை, சர்க்யூட் படமும் இல்லை. இங்கே யாரும் ஜோசியம் பார்ப்பதில்லை.

புதுக்குருவி:
மன்னிக்கவும் சார். ஐகாம் ஐசி-718. மாட்யூல் சிஎச்340, 5 வோல்ட். 9600-ல் வைத்தேன், ரேடியோவில் ஆட்டோ. டிஎக்ஸ் (அனுப்பும் கால்), ஆர்எக்ஸ் (வாங்கும் கால்) இரண்டையும் சேர்த்து முறுக்கி பிளக்கின் முனைக்கு, கிரவுண்டு வெளி வளையத்துக்கு. அவ்வளவுதான்.

வெள்ளிமுனை:
வோல்டேஜ் மாற்றும் மேக்ஸ்232 சிப் எங்கே? அது இல்லாமல் எப்படி வரும்?

தாமிரக்கம்பி:
அது பழைய 9 பின் சீரியல் போர்ட்டுக்கு. யுஎஸ்பி மாட்யூல் டிடிஎல் அளவில்தான் (0 அல்லது 5 வோல்ட்) தருகிறது, ரேடியோவும் அதைத்தான் கேட்கிறது. நடுவில் மேக்ஸ்232 வைத்தால் சிக்னல் தலைகீழாகும், காரியமும் கெடும்.

நாற்பதுமீட்டர்:
சிஐ-வி, அதாவது ஐகாம் ரேடியோவைக் கணினியோடு பேச வைக்கும் இணைப்பு, ஒற்றைக் கம்பி. கணினியும் ரேடியோவும் மாறி மாறி அதையே கீழே இழுத்துப் பேசுகின்றன. யாரும் பேசாதபோது கம்பி 5 வோல்ட்டில் நிற்க வேண்டும். சிஎச்340-இன் டிஎக்ஸ் சும்மா இருக்கும்போதும் கம்பியை மேலே பிடித்துக்கொண்டே இருக்கும். பாவம், ரேடியோ எப்படிக் கீழே இழுக்கும்? டிஎக்ஸில் ஒரு டயோடு போடுங்கள், கோடு போட்ட பக்கம் டிஎக்ஸைப் பார்த்து இருக்கட்டும். ஆர்எக்ஸ் நேரே கம்பிக்கு. 10 கிலோ ஓம் ஒன்றை அங்கிருந்து 5 வோல்ட்டுக்கு. ஷாட்கி டயோடு நல்லது. சாதாரண 1என்4148 டயோடு போட்டால் கீழே இழுத்தாலும் கம்பி 0.6, 0.7 வோல்ட்டில் நிற்கும், பூஜ்யம் என்று கொள்ளும் டிடிஎல் எல்லை 0.8தான். இது அடிப்படை, இதைப் படிக்காமல் சால்டரிங் அயர்னைத் தொடவே கூடாது.

ஈயப்பொடி:
அதோடு ஆப்டோகப்ளரும் (சிக்னலை ஒளியாகக் கடத்தி இரு பக்கத்தையும் பிரிக்கும் சிப்) போட்டுவிடுங்கள். பிரித்து வைக்காமல் ரேடியோவைக் கணினியில் நேராக மாட்டுவது என் மனசு ஒப்பாது.

நாற்பதுமீட்டர்:
பிசி817 மாதிரி மெதுவான ஆப்டோ போட்டு 19200-ல் ஓட்டிப் பாருங்கள், பல்ஸ் எல்லாம் மழுங்கிவிடும்.

ஈயப்பொடி:
பிசி817 என்று நான் சொன்னேனா? வேகமான 6என்137.

தாமிரக்கம்பி:
ஒலிக்கு சவுண்டு கார்டு கேபிள் நேராகப் போனால் கிரவுண்டு அந்த வழியாகச் சேர்ந்துவிடும். அங்கே டிரான்ஸ்ஃபார்மர் வைக்காமல் இங்கே ஆப்டோ வைப்பது, முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைப்பது மாதிரி.

ஈயப்பொடி:
அவர் சவுண்டு கார்டு பற்றிப் பேசவே இல்லை!

தாமிரக்கம்பி:
ரேடியோ பெயரையே கேட்டுத்தானே வாங்கினோம்.

மின்மினி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். புதுக்குருவி, டெர்மினலில் எஃப்இ எஃப்இ 5இ இ0 03 எஃப்டி (அலைவரிசை எவ்வளவு என்று ரேடியோவைக் கேட்கும் கட்டளை) என்று அனுப்பினால் என்ன திரும்பி வருகிறது? பிளக்கை ரேடியோவிலிருந்து பிடுங்கிவிட்டும் ஒரு முறை அனுப்புங்கள்.

புதுக்குருவி:
பிடுங்கினால் அனுப்பியது அப்படியே திரும்பி வருகிறது! ரேடியோ பேசுகிறதா?? மாட்டினால் ஒன்றுமே இல்லை.

நாற்பதுமீட்டர்:
பிடுங்கிய ரேடியோ எப்படித் தம்பி பேசும்? அது உன் எதிரொலி. டிஎக்ஸும் ஆர்எக்ஸும் ஒரே கம்பி அல்லவா.

மின்மினி:
எதிரொலி வருவதால் மாட்யூல், டிரைவர் இரண்டும் நலம். மாட்டினால் அதுவும் காணவில்லை என்றால் ரேடியோ பக்கம் ஏதோ சிக்னலை விழுங்குகிறது. சிஐ-விக்கான ரிமோட் ஜாக் அப்படிச் செய்யாது. ஒரு கேள்வி: சத்தம் நின்றது பிளக்கை மாட்டிய பிறகா? பின்புறம் ஸ்பீக்கர் ஜாக்கும் இதே 3.5 மில்லிமீட்டர்தான். அதில் செருகினால் உள் ஸ்பீக்கர் நின்றுவிடும். ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் உங்கள் மாட்யூலை அசையவே விடாது.

வெள்ளிமுனை:
ஐயோ!

புதுக்குருவி:
ரேடியோ அலமாரியில் சுவரை ஒட்டி இருக்கிறது, கையால் தடவித்தான் செருகினேன். பார்க்கிறேன்.

புதுக்குருவி:
சத்தம் வந்துவிட்டது. ஜாக் மாற்றியதும் எதிரொலி மட்டும் வந்தது. நாற்பதுமீட்டர் சார் சொன்ன டயோடு போட்டதும் திரையில் 7.100 மெகாஹெர்ட்ஸ் ஓடுகிறது. நன்றி. 73 (வாழ்த்துகள்)

நாற்பதுமீட்டர்:
டயோடு என்று முதலிலேயே சொன்னேன்.

மின்மினி:
சரி சார் :)

ஈயப்பொடி:
எந்த டயோடு போட்டீர்கள்? பின்னால் வருகிறவர்களுக்கு உதவும். சர்க்யூட்டைப் படம் பிடித்தும் போடுங்கள்.

ஈயப்பொடி:
புதுக்குருவி?

கூழாங்கல்:
எனக்கும் இதே பிரச்சினை. டயோடு போட்டும் வரவில்லை. யெசு எஃப்டி-817.

தாமிரக்கம்பி:
இதே பிரச்சினை இல்லை. அதில் அனுப்ப ஒரு கம்பி, வாங்க ஒரு கம்பி தனித்தனி. டயோடைக் கழற்றுங்கள், டிஎக்ஸும் ஆர்எக்ஸும் குறுக்காகப் போக வேண்டும், ஸ்டாப் பிட் 2. தனி இழை திறந்து, பாட் ரேட்டையும் மறக்காமல் எழுதுங்கள்.