புதுப்பிப்பு: விண்ணப்பக் கட்டணம் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது

வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் என் டெபிட் கார்டை ஏற்க மறுக்கிறது, கணக்கில் பணம் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ரசீது மின்னஞ்சலில் வந்துவிட்டது.

கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைக்கப்பட்டிருந்தது. வங்கிச் செயலியில் அதை இயக்கிய பிறகும் மறுத்தது. அப்புறம்தான் பில்லிங் முகவரியின் பக்கம் கவனம் போனது. இப்போது குடியிருக்கும் முகவரி அதற்கு வேண்டாம். வங்கிப் பதிவில் இருப்பதுதான் வேண்டும். அதைப் போட்டதும் ஓடிபி வந்தது, பணம் போனது.

நடுவில் ஒரு தோல்விக்கும் பணம் பிடித்ததுபோல் காட்டியது. அது தற்காலிக நிறுத்திவைப்புதான், தானாகவே விடுபட்டது. பதறி மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள், வங்கி கார்டையே முடக்கிவிடலாம்.

கட்டணமே சுமை என்றால், கட்டுவதற்கு முன்பே சேர்க்கை அலுவலகத்திடம் விலக்கு கேளுங்கள். சில இடங்களில் வெளிநாட்டு மாணவர்களுக்கும் தருகிறார்கள். கட்டிய பணம் பெரும்பாலும் திரும்பாது. கேட்பதில் கூச்சமே வேண்டாம். கடைசி நாள்வரை காத்திருக்கவும் வேண்டாம். பல இடங்களில் கட்டணம் சேராத விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை.