பின்னக் கூட்டல்: காகிதப் பட்டையா, மீ.சி.ம.வா?

கணக்குப்புலி:
1/2 + 1/3 = 2/5 என்று யாராவது எழுதாத ஆறாம் வகுப்பைக் காட்டுங்கள் பார்ப்போம். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிடுகிறார்கள். மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) விதியை நூறு தரம் சொன்னாலும் இது போகாது. காகிதப் பட்டையில் தொடங்குங்கள்: நீளம் 24 செ.மீ., அகலம் 3 செ.மீ. 24 ஆனது 2, 3, 4, 6, 8, 12 எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும். ஒரு ஏ4 தாளில் ஏழு பட்டை வரும். முழுசு, அரை, மூன்றில் ஒன்று, கால், ஆறில் ஒன்று என ஐந்து பட்டை ஒரு செட். இரண்டு பேருக்கு ஒரு செட் என்றால் 40 பேருக்கு 15 தாள் போதும்.

அரைத் துண்டையும் மூன்றிலொரு துண்டையும் ஒட்டி வையுங்கள். அதே நீளத்தை எந்தத் துண்டு மீதியில்லாமல் நிரப்பும் என்று தேடவிடுங்கள். கால் துண்டை வைத்தால் இடிக்கும், ஆறில் ஒன்று ஐந்து துண்டு கச்சிதமாக உட்காரும். பொதுப் பகுதியை, அதாவது கீழே வரும் பொது எண்ணை, பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சுண்ணக்கட்டி:
பார்க்க அழகுதான். ஆனால் 5/12 + 7/18? மீ.சி.ம. 36. உங்கள் 24 செ.மீ. பட்டையில் பதினெட்டில் ஒன்றையே வெட்ட முடியாதே! இன்னொன்று: ஸ்கேல் கையில் இருந்தால் 12 செ.மீ. + 8 செ.மீ. = 20 செ.மீ. என்று முடித்துவிடுவார்கள். அங்கே நடப்பது முழு எண் கூட்டல், பின்னம் இல்லை. மூன்றாக மடிக்கச் சொன்னால் ஆளுக்கு ஒரு அளவு வரும். அதை ஆறாக்கும்போது பிசகு இன்னும் கூடும். பீரியட் 40 நிமிடம், வெட்டுவதிலேயே பாதி போய்விடும்.

கணக்குப்புலி:
மடிக்கவிடக் கூடாது. 8, 16 செ.மீ.யில் ஆசிரியரே கோடு போட்டு வெட்டித் தரவேண்டும், பிறகு ஸ்கேலைப் பைக்குள் வைக்கச் சொல்ல வேண்டும். 36க்கெல்லாம் பட்டை வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். 2, 3, 4, 6 வரை பட்டை, அதற்கப்புறம் நோட்டில் கோடு, கடைசியில் மீ.சி.ம. பலர் பட்டையிலிருந்து நேராக விதிக்குத் தாவுகிறார்கள். நடுவில் படம் வரையும் படியை விட்டால் பட்டை வெறும் விளையாட்டுச் சாமான்தான்.

மல்லிகா டீச்சர்:
பட்டைக்குப் பதில் கட்டம் போடலாமே? 1/3 + 1/4க்கு மூன்று வரிசை, நான்கு நிரல், மொத்தம் 12 பெட்டி. ஒரு வரிசை 4, ஒரு நிரல் 3, ஆக 7/12.

சுண்ணக்கட்டி:
டீச்சர், ஒரே கட்டத்தில் இரண்டையும் நிழலிட்டால் ஒரு பெட்டி இரண்டிலும் வரும். பிள்ளை ஆறு பெட்டிதான் எண்ணும், 6/12 என்று எழுதும்.

மல்லிகா டீச்சர்:
அதனால்தான் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டம் வரைய வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று விழுகிற அந்த ஒரு பெட்டியைப் பெருக்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: 1/3 × 1/4 = 1/12 அதிலேயே தெரிகிறது. கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் ஒரே படம் போட்டால் குழப்பம் நிச்சயம்.

கணக்குப்புலி:
சுண்ணக்கட்டி சார், இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். உங்கள் முறையில் 2/5 எழுதும் பிள்ளை அது தப்பென்று எப்படிக் கண்டுகொள்ளும்? 2/5 அரையைவிடச் சிறுசு. அரையோடு இன்னொன்றைச் சேர்த்தபிறகு எப்படிக் குறையும்?

சுண்ணக்கட்டி:
நல்ல கேள்வி, அதை எடுத்துக்கொள்கிறேன். விடை எழுதுமுன் "அரைக்கு மேலா, கீழா, ஒன்றைத் தாண்டுமா" என்று ஒவ்வொரு கணக்கிலும் கேட்கலாம். அதற்குக் கரும்பலகையில் 0 முதல் 1 வரை ஒரு கோடும் நடுவில் ஒரு புள்ளியும் போதும். 15 தாள் எதற்கு?